சாணம் போகும் வழியை முதலில் பாருங்கள்: தாராபுரம் பக்கம் 2 ஏக்கரில் ஒரு கட்டுத்தரை

தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடையில் பஞ்சாயத்துச் சாலையை ஒட்டிய 2 ஏக்கர் நிலம் இது. கிழக்கு மேற்காக 435 அடி, வடக்கு தெற்காக 200 அடி. வடக்கு எல்லையில் சாலை, மேற்கே இட்டேரி (வேலிகளுக்கு நடுவில் போகும் வண்டித்தடம்), சுற்றிலும் பழைய கிளுவை வேலி. வீடு மேற்கு எல்லையிலிருந்து 120 அடி தள்ளி, சாலைப் பக்கமாக இருக்கிறது. வடகிழக்கில் கிணறு. நிலத்தின் வடமேற்கு மூலைதான் மேடு, தென்கிழக்கு மூலை அதைவிட 4 அடி பள்ளம். நடுவில் இரண்டு வேம்பு, ஒரு வெள்வேல்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒருவர், அவர் மனைவி, அவருடைய அம்மா ஆகிய மூன்று பேர்தான் இந்தப் பண்ணைக்கு ஆள்பலம். கூலிக்கு ஆள் வைக்கும் எண்ணம் இல்லை. நான்கு கலப்பின ஜெர்சி, அம்மாவின் ஆசைக்கு ஒரு காங்கேயம் பசு, இருபது மேச்சேரிச் செம்மறி ஆடு, முப்பது நாட்டுக்கோழி என்று முடிவு செய்திருந்தார்கள். கடன் வாங்கிக் கொட்டகை போடுவதற்கு முன்னால் இடத்தை ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி என்னைக் கூப்பிட்டார்கள். சிறு பண்ணைகளுக்கு இடம் பார்த்து, கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை.

இந்த இடத்தை எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கொங்குப் பகுதியில் புதிதாக மாடு வாங்குகிற குடும்பங்கள் செய்யும் எல்லா யோசனைகளும், நல்லதும் கெட்டதுமாக, இங்கே ஒன்றாக இருந்தன.

கொத்தனார் போட்ட கணக்கு

நான் போவதற்கு முன்பே கொத்தனார் ஒரு வரைபடம் கொடுத்திருந்தார். வடமேற்கு மூலையில், அதாவது வாயு மூலையில், 60 அடி நீளத்துக்கு ஒரே கொட்டகை. அதற்குள் மாடு, அடுத்த அறையில் ஆடு, அதற்கு அடுத்து கோழி, கடைசியில் தீவன அறை. எருக்குழி கொட்டகைக்குப் பின்னால். ஒரே கூரை, நடுவில் பொதுச் சுவர்கள், ஒரே தண்ணீர்க் குழாய் என்பதால் செலவு குறையும் என்பது அவர் வாதம். கட்டடச் செலவை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

அம்மாவுக்கும் அந்த இடம்தான் பிடித்திருந்தது. "மாடு வாயு மூலைலதான் இருக்கோணும் சாமி. எங்க மாமனார் காலத்துல இருந்து அங்கதான் கட்டிட்டு இருந்தோம்" என்றார்.

"அப்ப வீடு எங்கீங்கம்மா இருந்துச்சு?"

"அது தெக்கால, ஓட்டு வீடு. ரோட்டுக்குப் பக்கமா வேணும்னு இவங்கதான் இங்க கட்டுனாங்க."

இந்த நிலத்தின் சிக்கல் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது. பழைய வீடு தெற்கே இருந்தபோது வடமேற்கில் கட்டிய மாடுகளின் காற்று வீட்டைத் தொடாமல் கிழக்கே போய்விட்டது. வீடு இப்போது வடக்கே நகர்ந்து, அந்தப் பழைய கட்டுத்தரைக்கு நேர் கிழக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாடு மட்டும் பழைய இடத்துக்கே போனால், அந்தக் காற்று நேராக வீட்டுக்குள் வரும்.

எந்தக் காற்று என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே விடாமல் அடிக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் என்று வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். ஆடியில் சாமி படத்துக்கு முன்னால் விளக்கு நிற்காத ஊர் இது. அந்த நான்கு மாதமும் எருக்குழியின் ஈயும் நாற்றமும் சமையலறையில்தான் இறங்கியிருக்கும்.

வாயு மூலை என்ற சொல்வழக்கை நான் தள்ளிவிடுவதில்லை. தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும் ஊர்களில் வடமேற்கு மூலை காற்று வெளியேறும் பக்கம். மாட்டை அங்கே கட்டுவது அந்த ஊருக்கு மிகப் பொருத்தம். கணவாய்க் காற்று வீசுகிற ஊரில் அதே மூலை காற்று உள்ளே வருகிற பக்கமாகிவிடுகிறது. பெரியவர்கள் காற்றைப் பார்த்துத்தான் மூலையைச் சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம். காற்று மாறுகிற இடத்தில் மூலையும் மாறலாம்.

ஆண்டுக்கு 22 டன்

நான் எந்த நிலத்துக்குப் போனாலும் கொட்டகையை எங்கே போடுவது என்று முதலில் கேட்பதில்லை. சாணம் எங்கே போகும், கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்றுதான் கேட்பேன். அந்த இரண்டுக்கும் வழி கிடைத்துவிட்டால் மற்றவை தானாக இடம் பிடித்துக்கொள்ளும். பால் கறக்காத நாள் வரலாம், மாடு சாணம் போடாத நாள் வராது.

ஒரு மாடு ஒரு நாளைக்குச் சுமார் 12 கிலோ போடும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஐந்து மாட்டுக்கு 60 கிலோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 22 டன். இதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போகப்போவது அந்த வீட்டுப் பெண்தான். கூடைக்கு 15 கிலோ என்றால் தினம் நான்கு நடை.

வீட்டுக்கு நாற்றம் வரக் கூடாது என்று எருக்குழியை மட்டும் தென்கிழக்கே தள்ளிவிட்டு, கொட்டகையை வடமேற்கிலேயே வைத்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அப்படிச் செய்தால் கொட்டகைக்கும் குழிக்கும் இடையில் 305 அடி வரும். நான்கு நடை போய் வர 2,440 அடி. ஒரு ஆண்டுக்குப் பெருக்கினால் 271 கிலோமீட்டர், அதில் பாதித் தூரம் தலையில் சுமையோடு. கொட்டகையையே கிழக்கே கொண்டுவந்து குழிக்கும் அதற்கும் 60 அடி என்று வைத்தால் இதே கணக்கு 53 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவர் மறுபேச்சு பேசவில்லை. அவர் மனைவி அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் தன் பங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "ரொம்ப தூரம் வேண்டாமுங்க. மாடு கன்னுப் போடற அன்னைக்கு அது கத்தறது எனக்குக் கேக்கோணும்." நான் கேட்டதிலேயே நல்ல அளவுகோல் அதுதான். புத்தகங்களில் கொட்டகைக்கும் வீட்டுக்கும் இத்தனை அடி என்று போட்டிருப்பார்கள். 2 ஏக்கரில் அந்த அடிக்கணக்கு பல நேரம் பொருந்தாது. இரவில் குரல் கேட்க வேண்டும், அடுப்படியில் ஈ மொய்க்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் தூரம்தான் சரியான தூரம். இங்கே அது சமையலறைப் பின்கதவிலிருந்து 70 அடியாக அமைந்தது.

நான்கு பக்கம், நான்கு வேலை

வீட்டுக்குத் தென்கிழக்கே, இரண்டு வேம்பும் வெள்வேலும் நிற்கிற இடத்துக்குத் தெற்கே, கொட்டகைக்குக் கோடு போட்டோம். கிழக்கு மேற்காக 48 அடி நீளம், 17 அடி அகலம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே பாயாது. இது தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வது. இந்த ஊருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. மேல்காற்று கொட்டகையின் குறுகிய முகப்பில் மட்டும் மோதும், கூரையின் நீண்ட சரிவில் மோதாது. ஆடியில் தகரம் பறந்த கொட்டகைகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். வடக்கு தெற்காக நீட்டிப் போட்டவை அவற்றில் அதிகம்.

மேற்கு முனையில் 8 அடிக்குத் தீவன அறை. அதற்கு மட்டும் முழுச் சுவர், அதுவே காற்றுக்குத் தடுப்பு. அடுத்த 8 அடி கன்றுகளுக்கு. பிறகு மாட்டுக்கு 4 அடி வீதம் ஐந்து மாட்டுக்கு 20 அடி. கிழக்குக் கோடியில் 12 அடிக்கு ஈனும் அறை. மாடுகள் தெற்கே பார்த்து ஒரே வரிசையில் நிற்கும்.

அகலம் 17 அடி எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. தீவனம் போட்டுக்கொண்டு நடக்க 4 அடி, காடிக்கு (தீவனத் தொட்டிக்கு) இரண்டரை, மாடு நிற்க ஐந்தரை, மூத்திர வாய்க்காலுக்கு 1, பின்னால் சாணம் அள்ளி நடக்க 4. மாடு நிற்கும் நீளத்தை ஆறரை, ஏழு அடி என்று தாராளமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கொடுத்தால் சாணம் வாய்க்காலில் விழாமல் தரையிலேயே விழும், மாடு அதன் மேலேயே படுக்கும், மடிநோய் அங்கிருந்துதான் தொடங்கும். காங்கேயம் பசுவுக்கு ஐந்தரை அடி ஒழுங்காகப் பொருந்தியது. கலப்பினத்தில் பெரிய உடம்புக்காரி ஒன்றுக்கு மட்டும் அரை அடி கூட்டினோம்.

இப்போது பக்கங்களைப் பாருங்கள். பால் மேற்கே வீட்டுக்குப் போகிறது. தீவனம் தெற்கிலிருந்து வருகிறது, சோளத்தட்டுப் போர் அந்தப் பக்கம்தான். சாணமும் கழுவிய தண்ணீரும் கிழக்கே போகின்றன. வடக்கே மரத்தடியில் மாடுகள் அவிழ்த்து நிற்கத் திறந்தவெளி, அங்கேயே தண்ணீர்த் தொட்டி. ஒன்றின் வழியை இன்னொன்று குறுக்கே வெட்டவில்லை. சாணி மிதித்த காலோடு யாரும் தீவனப் பாதையில் நடக்க வேண்டியதில்லை. இந்த வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். செலவே இல்லாமல், கோட்டை மட்டும் சரியாகப் போட்டுக் கிடைத்தது.

கன்றுகளை மேற்கே வைத்ததற்கும் காரணம் உண்டு. வாய்க்கால் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. பெரிய மாட்டின் கழிவு ஒருபோதும் கன்று நிற்கும் பக்கம் வராது. குடல் புழுக்களும் கன்றுக் கழிச்சலும் சாணத்தின் வழியாகத்தான் பரவும். ஜோனிஸ் நோய் இன்னும் மோசம். கன்றாக இருக்கும்போது தாய் மாட்டின் சாணத்திலிருந்து தொற்றி, பல ஆண்டு கழித்து மாடு இளைத்துச் சாகிறபோதுதான் வெளியே தெரியும். சாணம் ஓடும் பள்ளத்தில் கன்றைக் கட்டினால், பிற்பாடு மருந்துக்கு எவ்வளவு செலவழித்தும் பயனில்லை. ஈனும் அறை கிழக்கே இருப்பதால் அதற்குத் தரையை அரை அடி உயர்த்தி, வாய்க்காலை அதன் வெளிப்புறமாகச் சுற்றிவிட்டோம்.

இடத்தின் அளவு பற்றி ஒரு வார்த்தை. இந்தியத் தர நிர்ணய அளவின்படி ஒரு பசுவுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் 7 சதுர மீட்டர் வேண்டும். ஈனும் அறைக்கு 12 சதுர மீட்டர். கூரைக்கு அடியில் நாங்கள் அந்த அளவையொட்டியே போனோம். திறந்தவெளியை மட்டும் மூன்று மடங்காக்கி 48 அடிக்கு 25 அடி கொடுத்தோம். சிமெண்ட்டும் தகரமும் காசு கேட்கும், மரநிழல் கேட்காது. கலப்பின மாடு வெயிலில் மூச்சிரைத்து நின்றால் பால் குறைகிறது. பகலெல்லாம் வேம்படியில் நிற்கிற மாட்டுக்கு மின்விசிறி வேண்டியதில்லை. கொத்தனாரின் பழைய வரைபடத்தில் ஒரு வேம்பை வெட்டச் சொல்லியிருந்தது. நிழல் தர இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும் ஒன்றை அரை நாளில் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தகரம் போட்டு, தகரச் சூட்டுக்கு விசிறி மாட்டுவது என்ன கணக்கு?

ஆட்டுப் பட்டி ஏன் தனியே

மேச்சேரி ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரே கூரை வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். செலவு கூடும் என்று தெரிந்தே சொன்னேன்.

செம்மறிக்கு இந்தப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீலநாக்கு நோய் தலைகாட்டும். அதைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய ஒரு கடிபூச்சி. அது முட்டையிட்டுப் பெருகுவது ஈரமான சாணத்திலும் சேற்றிலும். மாட்டுக் கொட்டகையின் மூத்திர வாய்க்காலும் ஊறிய எருக்குழியும் ஆட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தால், அந்தப் பூச்சிக்கு வீடும் சாப்பாடும் ஒரே இடத்தில் கிடைத்த மாதிரிதான். தூரம் மட்டுமே காப்பாற்றிவிடும் என்று சொல்ல மாட்டேன், காற்றில் அது வெகுதூரம் போகும். தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். ஆனால் பூச்சி பெருகும் இடத்தை ஆட்டின் மூக்குக்கு அடியிலேயே நாமாக அமைத்துக் கொடுக்கக் கூடாது.

பட்டியை மாட்டுத் திறந்தவெளிக்கும் வடக்கே, நிலத்தின் உயரமான பாதியில், வீட்டு வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தோம். 35 அடிக்கு 30 அடி. அங்கிருந்து எருக்குழி 135 அடி. ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும்போது குழியைவிடப் பட்டிதான் காற்று வரும் பக்கம் இருக்கும், குழியின் பூச்சி எதிர்க்காற்றில்தான் வர வேண்டும். சாலைக்குப் பக்கமாக இருக்கிறதே, திருட்டுப் போகுமே என்று அம்மா பயந்தார். பயப்பட வேண்டியதுதான், இரவில் பைக்கில் வந்து ஆடு தூக்கிப் போவது இந்தப் பக்கம் நடக்கிறது. கிளுவை வேலிக்கு உட்புறம் கம்பி வலை அடித்து, பட்டியின் வாசலை வீட்டைப் பார்த்து வைத்து, நாயைப் பட்டிக்கும் சாலைக்கும் நடுவில் கட்டினார்கள்.

பரண், அதாவது தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், போடலாமா என்ற கேள்வி வந்தது. இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் பலகை போட்ட பரண் கொட்டகையைத்தான் காட்டுகிறார்கள். மழை அதிகம் பெய்யும் ஊருக்கும், நாள் முழுக்க அடைத்து வளர்ப்பதற்கும் அது நல்ல ஏற்பாடு. இவர்களுடைய ஆடு பகலில் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) கொழுக்கட்டைப் புல்லும் வேலங்காயும் மேய்ந்துவிட்டு ராத்திரிக்கு மட்டும் அடைய வருவது. ஆண்டில் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும் இந்த மண்ணில் அவ்வளவு செலவு தேவையில்லை என்று தோன்றியது. ஒன்றரை அடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி இறுக்கி மேடாக்கி, அதில் 20 அடிக்கு 12 அடி மட்டும் கூரை போட்டோம். ஆட்டுக்குத் தலைக்கு 12 சதுர அடி வருகிறது. சுற்றிப் படல். மழை மாதங்களுக்குக் கூரையின் கிழக்குப் பக்கம் தார்ப்பாய் இறக்கிக்கொள்ளலாம்.

கோழிக்கு அதிகம் எழுத ஒன்றுமில்லை. சமையலறைச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து 3 அடி உயரத்தில், 8 அடிக்கு 6 அடி கூடு, சுற்றிலும் வலை. கீரியோ பாம்போ வந்தால் சத்தம் கேட்கும். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னேன். கோழித் தீவனத்தை ஆடு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. தானியத்தை வயிறு முட்டத் தின்ற ஆடு வயிற்றில் புளிப்பேறி ஒரே ராத்திரியில் செத்துப்போகும். தீவன அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் கொண்டி, அதுவும் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தோம்.

போரும் குழியும் வழியும்

சோளத்தட்டுப் போர் கொட்டகைக்குத் தெற்கே ஏறக்குறைய 60 அடி தள்ளி இருக்கிறது. கொட்டகைச் சுவரை ஒட்டிப் போர் போட்டால் எடுக்கச் சௌகரியம். ஆனால் ஒரு பொறி விழுந்தால் கட்டிப் போட்ட மாடு எங்கே ஓடும்? மேற்கே போட்டாலும் மேல்காற்றில் தீ கொட்டகையைத்தான் தேடி வரும். தெற்கே இருந்தால் காற்று அதைக் கொட்டகைப் பக்கம் தள்ளாது.

எருக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 130 அடி. சரிவும் கிணற்றுப் பக்கம் இல்லை. குழியைத் தாண்டித் தென்கிழக்குப் பள்ளத்தில் 60 சென்ட்டுக்குக் கம்பு நேப்பியர் தீவனப்புல், கோ 5 ரகம். கொட்டகை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் அங்கேயே பாய்கிறது. முதல் அறுப்புக்கு 75 நாளுக்கு மேல் ஆகும், பிறகு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டலாம். கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம் வேண்டும், அதற்கு இந்த 60 சென்ட் போதும். ஓரமாக அகத்தியும் கிளைரிசிடியாவும் நட்டார்கள்.

டிராக்டரை மறந்துவிட்டு எருக்குழி வெட்டும் வீடுகள் நிறைய. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் குழியைக் காலி செய்ய டிரெய்லர் உள்ளே வந்து, திரும்பி, சுமையோடு வெளியே போக வேண்டும். சாலைக் கதவை 12 அடியாக்கி, கிழக்கு ஓரமாகவே குழிவரை வண்டித்தடம் விட்டோம். கிணற்றுக்கும் கிழக்கு வேலிக்கும் நடுவில் 60 அடி இருந்ததால் இடம் தாராளம். தீவன மூட்டை வரும் வண்டி, செயற்கைக் கருவூட்டலுக்கு வருபவரின் பைக் எல்லாம் வீட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வரும். எரு வண்டிக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

சந்தையில் வாங்கி வரும் ஆட்டையும் மாட்டையும் நேராக மந்தையில் விடாமல் தனியே வைக்கக் கிழக்கு வேலியோரம் ஒரு சின்னக் கொட்டாய் போட்டார்கள். அது ஆடிக் காற்றுக்குக் கடைசி இடம், அங்கிருந்து காற்று எந்தக் கால்நடையின் மேலும் போகாது. மூன்று, நான்கு வாரம் அங்கே இருந்து, ஆட்டுக்கொல்லி, கோமாரி போன்றவை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே. அங்கே இருப்பவைக்குத் தீவனமும் தண்ணீரும் கடைசியில்தான் வைக்க வேண்டும். அங்கே போய்விட்டு அப்படியே கன்றுகளிடம் வரக் கூடாது.

சிமெண்ட்டுக்கு முன்னால் ஒரு ஆடி, ஒரு ஐப்பசி

இதையெல்லாம் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு, உடனே கட்ட வேண்டாம் என்று சொன்னேன். கொத்தனாருக்கு வருத்தம்தான். முதலில் தரையை மட்டும் மேடாக்கி, மூங்கிலும் தென்னங்கீற்றுமாக ஒரு பந்தல் போட்டு, ஏற்கெனவே இருந்த இரண்டு மாட்டை அங்கே கட்டினார்கள். ஒரு மேல்காற்றும் ஒரு மழையும் தாண்டிய பிறகுதான் காரை. பந்தலை நகர்த்த ஒரு நாள் போதும், கட்டின சுவரை யாரும் நகர்த்த மாட்டார்கள். இருக்கிற குறையோடே பதினைந்து ஆண்டு வாழ்ந்துவிடுவார்கள்.

பந்தல் காலத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஆடியில் தீவனப் பாதை வழியாகக் காற்று புகுந்து காடியிலிருந்த தட்டை வாரிக்கொண்டு போனது. அதனால் தீவன அறையின் சுவரைத் தெற்கே 4 அடி நீட்டி, பாதையின் மேற்கு வாயையும் மூடினோம். இரண்டாவது, மழைக்காலத்தில் கொட்டகையிலிருந்து திறந்தவெளிக்குப் போகும் வாசலில் சேறு. மாடு ஒரே இடத்தில் நெருக்கியடித்து நுழையும்போது எந்த மண்ணும் குழம்பிவிடும். அந்த 10 அடிக்கு மட்டும் ஓடைக்கல் பரப்பி, மேலே கிராவல் இறுக்கினார்கள்.

மூன்றாவதாக ஒன்று, அதற்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. ஐப்பசியில் கீழ்காற்று வீசும் சில நாட்களில் மாட்டுத் திறந்தவெளியின் வாடை வீட்டுக்கு வருகிறது. திறந்தவெளி வீட்டுக்குக் கிழக்கே இருப்பதால் அதைத் தவிர்க்க முடியாது. தினமும் அங்கே கிடக்கும் சாணத்தை அள்ளிவிட்டால் பெருமளவு குறைகிறது என்று வீட்டுக்காரரின் மனைவி சொல்கிறார். நான்கு மாத மேல்காற்றை வாங்கிக்கொள்வதற்குப் பதிலாகச் சில நாள் கீழ்காற்றை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். எல்லாக் காற்றுக்கும் பொருந்தும் இடம் 2 ஏக்கரில் கிடையாது.

அம்மாவின் வாயு மூலைக்கும் வழி கிடைத்தது. நிலம் முழுக்கப் பார்க்காமல், அந்தக் கட்டுத்தரைக்கு உள்ளேயே வாயு மூலை பார்க்கலாமே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். மாட்டு வரிசையில் மேற்குக் கோடியில் முதல் இடம் காங்கேயம் பசுவுக்கு என்று முடிவானது. அம்மாவே பூஜை போட்டு முளைக்கயிற்றில் கட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் அவர் கை படாத வேலை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பது அவர் பொறுப்பு.

கோழிதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கூட்டை விட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைச் சட்டத்தில் ஏறி அடைந்து, எச்சத்தைக் காடியில் போட்டது. சாயங்காலத் தீனியைக் கூட்டுக்குள் மட்டுமே போட்டுப் பழக்கியதும் பெரும்பாலானவை அங்கேயே அடைகின்றன. காடிக்கு மேலே இருக்கும் குறுக்குச் சட்டத்தில் வலை அடித்திருக்கிறார்கள்.

இப்போது மாடு ஐந்து நிற்கிறது. எட்டாக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கொட்டகையை நீட்ட மேற்கே இடமில்லை, நீட்டினால் வீட்டை நெருங்கும். தெற்கே எதிர்வரிசை போடலாம், தீவனப் பாதை நடுவில் வந்துவிடும். அந்த வரிசையின் சாணம் தெற்கு ஓரமாகக் கிழக்கே போக இன்னொரு வாய்க்கால் வேண்டும், போரைக் கிழக்கே தள்ள வேண்டும். கட்டடத்துக்கு வழி இருக்கிறது, தீவனத்துக்குத்தான் இல்லை. 60 சென்ட் நேப்பியர் எட்டு மாட்டுக்குத் தாங்காது. எனவே முதலில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு 50 கிலோ சாணம் போதும், இவர்களிடம் 60 இருக்கிறது. கொட்டகைக்கும் குழிக்கும் நடுவில் அதற்கான இடத்தைக் கோடு போட்டபோதே காலியாக விட்டிருந்தோம். கலனிலிருந்து வரும் கரைசல் அதே சரிவில் குழிக்கு இறங்கும், குழாய் மட்டும் சமையலறைவரை 130 அடி போக வேண்டும். அடுத்த கோடையில் வேலை தொடங்குகிறது.